17 வரவில்லையா? செங்கோண முக்கோணங்களை எண்ணும் நிரலில் பிழை தேடும் வழி

முழு எண் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணங்களை எண்ணச் சொல்லும் புதிர் பார்ப்பதற்கு எளிது. பித்தகோரஸ் தேற்றம் தெரியும், இரண்டு லூப் போட்டால் முடிந்தது என்று தோன்றும். சுற்றளவு ஓர் எல்லைக்குள் எத்தனை முக்கோணம் அமையும், எந்தச் சுற்றளவில் அதிகம் அமையும், ஒரே ஒரு முக்கோணம் மட்டும் அமையும் சுற்றளவுகள் எத்தனை என்று மூன்று விதமாகக் கேட்பார்கள். ப்ராஜெக்ட் ஆய்லர் என்ற இணையதளத்தின் கணித நிரலாக்கப் புதிர்களில் 39-ஆவது இரண்டாம் வகை; அதில் 1,000 வரை போனால் போதும். 75-ஆவது மூன்றாம் வகை. 15,00,000 வரை போக வேண்டும்.

நிரலை ஓட்டியதும் ஏதோ ஓர் எண் வரும். விடை தப்பு என்று மட்டும் தெரியவரும், எங்கே தப்பு என்று தெரியாது. உடனே நிரலை மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் படிக்கத் தொடங்குவோம். அதை முதலில் செய்யாதீர்கள் என்பதுதான் என் யோசனை. எழுதிய கண்ணுக்கு எழுதியது சரியாகவே தெரியும். அதற்குப் பதில் எல்லையை 100-ஆகக் குறைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். முக்கோணங்களின் மொத்த எண்ணிக்கைக்குச் சரியான விடை 17. வேறு எண் வந்தால் அந்த எண்ணைத் துடைத்துவிடாமல் குறித்து வையுங்கள். இந்தப் புதிரில் பெரும்பாலான பிழைகளுக்கு அவற்றுக்கே உரிய தப்பான எண் உண்டு. கீழே அந்த எண்களை வைத்தே போகிறேன்.

17 எங்கிருந்து வருகிறது

இதை ஒரு தடவையாவது தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். பிறகு எல்லாவற்றுக்கும் இதுதான் அளவுகோல்.

பக்கங்களுக்குப் பொதுவான வகுத்தி 1-ஐத் தவிர வேறில்லை என்றால் அதை அடிப்படை முக்கோணம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 100-க்குள் அப்படி ஏழே ஏழு உண்டு: (3, 4, 5) சுற்றளவு 12, (5, 12, 13) சுற்றளவு 30, (8, 15, 17) சுற்றளவு 40, (7, 24, 25) சுற்றளவு 56, (20, 21, 29) சுற்றளவு 70, (12, 35, 37) சுற்றளவு 84, (9, 40, 41) சுற்றளவு 90. மற்றவை எல்லாம் இவற்றின் மடங்குகள். 100-க்குள் 12-இன் மடங்குகள் 8, 30-இன் மடங்குகள் 3, 40-இன் மடங்குகள் 2, மீதி நான்குக்கும் ஆளுக்கு ஒன்று. கூட்டினால் 17.

34 வந்தால்

சரியாக இரண்டு மடங்கு. (3, 4, 5), (4, 3, 5) இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறீர்கள். இரண்டாம் பக்கத்தின் லூப்பை 1-இலிருந்து தொடங்காமல் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

முதல் பக்கத்திலிருந்தா, அதற்கு அடுத்த எண்ணிலிருந்தா என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். இரு சிறு பக்கங்களும் சமமாக உள்ள முழு எண் செங்கோண முக்கோணம் கிடையாது. இருந்தால் 2-இன் வர்க்கமூலம் பின்னமாகிவிடும், அது ஆகாது. அதனால்தான் 34 என்பது துல்லியமாக 17-இன் இருமடங்காக நிற்கிறது, ஒன்று கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

விடையை 2-ஆல் வகுத்து வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். எண்ணிக்கை கேட்கும் புதிரில் அது செல்லும். "ஒன்றே ஒன்று" கேட்கும் புதிரில் எல்லாச் சுற்றளவும் இரண்டு இரண்டாகப் பதிவாகி விடை பூஜ்யமாகிவிடும். ஆகவே மூலத்திலேயே திருத்துங்கள்.

67 அல்லது 68 வந்தால்

எங்கேயோ லூப் 0-இலிருந்து தொடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் 0 என்றால் மற்ற இரண்டும் சமம்; 0² + 7² = 7² என்பது கணக்குப்படி உண்மை, ஆனால் அது முக்கோணம் இல்லை, ஒரு கோடு. சுற்றளவு 100-க்குள் இப்படி 50 கோடுகள் உண்டு. 17 + 50 = 67. (0, 0, 0)-ஐயும் சேர்த்தால் 68.

யூக்ளிட் சூத்திரத்தை (அடுத்த பகுதியில் சொல்கிறேன்) வைத்து எழுதியவர்களுக்கும் இதே 67 வரலாம். ம, ந என்ற இரண்டு எண்களில் ந-வை 0-இலிருந்தும் ம-வை 1-இலிருந்தும் தொடங்கினால் (1, 0) என்ற ஜோடி எல்லா நிபந்தனையையும் தாண்டி உள்ளே வந்துவிடும். அதன் சுற்றளவு 2. 100-க்குள் அதற்கு 50 மடங்கு. வழி வேறு, எண் அதே.

7 அல்லது 12 வந்தால்

இங்கிருந்து யூக்ளிட் சூத்திரம் தேவைப்படும். ம > ந என்று இரண்டு முழு எண்களை எடுத்தால் ம² − ந², 2 × ம × ந, ம² + ந² மூன்றும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள். சுற்றளவு 2 × ம × (ம + ந). இதில் கர்ணத்துக்காக வர்க்கமூலம் எடுக்கும் வேலையே இல்லை என்பது பெரிய நிம்மதி.

7 வந்தால் அடிப்படை முக்கோணங்களை மட்டும் எண்ணிவிட்டு மடங்குகளை மறந்திருக்கிறீர்கள். திருத்தம் எளிது: ஒவ்வொரு அடிப்படைச் சுற்றளவாலும் எல்லையை வகுத்து, ஈவைக் கூட்டுங்கள்.

12 வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எந்த நிபந்தனையும் வைக்காமல் எல்லா (ம, ந) ஜோடிகளையும் ஓட்டினால் எல்லா முக்கோணமும் தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். வராது. (6, 8, 10) வரும், (3, 1) அதைத் தரும். ஆனால் (9, 12, 15) எந்த ஜோடியிலிருந்தும் வராது. கர்ணம் 15 என்றால் இரண்டு வர்க்கங்களைக் கூட்டி 15 வர வேண்டும். 1, 4, 9 என்ற வர்க்கங்களில் எந்த இரண்டைக் கூட்டினாலும் 15 கிடைக்காது. ஆக மடங்குகளை நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும்.

23 அல்லது 26 வந்தால்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 12 வந்ததைத் திருத்தப் போய்த்தான் பெரும்பாலும் இங்கே வந்து சேர்வோம். மடங்குகளைச் சேர்த்தாயிற்று, ஆனால் நிபந்தனைகளை வைக்கவில்லை.

யூக்ளிட் சூத்திரம் அடிப்படை முக்கோணங்களை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரே முறை தர வேண்டும் என்றால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று, ம-வுக்கும் ந-வுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 1. இரண்டு, ஒன்று ஒற்றை எண், மற்றது இரட்டை எண். இரண்டையும் விட்டுவிட்டால் 26. முதலாவதை வைத்து இரண்டாவதை விட்டால் 23.

23-ஐக் கிட்டத்தில் பார்ப்போம். 17-ஐவிட 6 அதிகம். அந்த ஆறு யார்? இரண்டும் ஒற்றையாக, பொது வகுத்தி இல்லாமல் உள்ள ஜோடிகள் 100-க்குள் மூன்று: (3, 1), (5, 1), (5, 3). (3, 1) தருவது (8, 6, 10), சுற்றளவு 24, அதற்கு நான்கு மடங்கு. (5, 1) தருவது (24, 10, 26), சுற்றளவு 60, ஒன்று. (5, 3) தருவது (16, 30, 34), சுற்றளவு 80, ஒன்று. மொத்தம் ஆறு. மூன்றும் ஏற்கெனவே உள்ளவற்றின் இரட்டிப்புதான்: (3, 4, 5), (5, 12, 13), (8, 15, 17) ஆகியவற்றை 2-ஆல் பெருக்கியவை. இரண்டு ஒற்றை எண்களைப் போட்டால் மூன்று பக்கங்களும் இரட்டையாகிவிடும், எனவே அது அடிப்படையாக இருக்கவே முடியாது. நிபந்தனை எதற்கு என்று மனப்பாடம் செய்வதைவிட இந்த ஆறு பேரை ஒரு தடவை அச்சிட்டுப் பார்த்தால் மறக்காது.

சிலர் நிபந்தனைகளை யோசிக்காமல், கிடைத்த முக்கோணங்களை எல்லாம் ஒரு செட்டில் போட்டு நகல்களை நீக்கப் பார்ப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் அப்படிச் செய்தும் 26 என்பது 23-இல் வந்து நின்றுவிட்டால் குழம்பிப் போவீர்கள். காரணம் வரிசை. (3, 1) தருவது (8, 6, 10); (3, 4, 5)-ஐ இரட்டித்தால் வருவது (6, 8, 10). செட்டுக்கு இவை இரண்டும் வேறு வேறு. ம² − ந² சில சமயம் 2 × ம × ந-வைவிடச் சிறியது, சில சமயம் பெரியது. போடுவதற்கு முன் பக்கங்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள். 23 உடனே 17 ஆகும்.

26-க்கு இன்னொரு வழியும் உண்டு, அதை 18-உடன் சேர்த்துப் பார்ப்போம்.

18 வந்தால்

இது யூக்ளிட் சூத்திரத்தில் வராது. சுற்றளவையும் ஒரு பக்கத்தையும் வைத்து மற்றதைக் கண்டுபிடிக்கும் முறையில் வரும். அந்த முறை அழகானது. சுற்றளவு சு, ஒரு பக்கம் அ என்றால், பித்தகோரஸ் சமன்பாட்டில் கர்ணத்துக்குப் பதிலாக மீதித் தொகையைப் போட்டுச் சுருக்கினால் மற்ற பக்கம் இப்படி வரும்:

சு × (சு − 2அ) ÷ (2 × (சு − அ))

மீதியில்லாமல் வகுபட்டால் முக்கோணம் உண்டு. சு = 120, அ = 20 என்று போட்டுப் பாருங்கள்: 120 × 80 = 9,600; 2 × 100 = 200; வகுத்தால் 48. (20, 48, 52) கிடைத்துவிட்டது, வர்க்கமூலமே தேவைப்படவில்லை.

சிறிய பக்கம் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேதான் இருக்கும் என்று லூப்பை அங்கே நிறுத்துவார்கள். அது உண்மைதான், ஆனால் போதாது. (20, 21, 29)-இல் சுற்றளவு 70, மூன்றில் ஒரு பங்கு 23-க்குக் கொஞ்சம் மேல். 20-உம் 21-உம் இரண்டுமே அதற்குக் கீழே. அ = 20 என்றபோது 21 கிடைக்கும், அ = 21 என்றபோது 20 கிடைக்கும். ஒரே முக்கோணம் இரண்டு தடவை. 100-க்குள் இப்படி மாட்டுவது இந்த ஒன்றுதான், அதனால் 18. லூப்பில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொண்டால் (3, 4, 5)-உம் அதன் ஏழு மடங்குகளும் சேர்ந்து இரட்டிக்கும், ஏனென்றால் 4 என்பது 12-இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அப்போது 26. கிடைத்த மற்ற பக்கம் அ-வைவிடப் பெரியதா என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டும் தீரும்.

11 வந்தால்

யூக்ளிட் நிரலின் உள்ளே இரண்டு விதமாக நிறுத்தும் இடங்கள் உண்டு. சுற்றளவு எல்லையைத் தாண்டினால் உள் லூப்பையே முடிக்கலாம், ஏனென்றால் ந கூடக் கூடச் சுற்றளவு ஏறிக்கொண்டேதான் போகும். நிபந்தனை பொருந்தாவிட்டால் அடுத்த ந-க்குப் போக வேண்டும், லூப்பை முடிக்கக் கூடாது. சரியான வடிவம் இது:

ம = 2 முதல், 2 × ம × (ம + 1) எல்லையைத் தாண்டாத வரை:
— ந = 1 முதல் ம − 1 வரை:
—— சுற்றளவு = 2 × ம × (ம + ந)
—— சுற்றளவு > எல்லை எனில், உள் லூப்பை முடி
—— இரண்டும் ஒற்றை அல்லது இரண்டும் இரட்டை எனில், அடுத்த ந-க்குப் போ
—— மீப்பெரு பொது வகுத்தி 1 இல்லை எனில், அடுத்த ந-க்குப் போ
—— எல்லை ÷ சுற்றளவு என்பதன் ஈவை எண்ணிக்கையில் கூட்டு

"அடுத்ததற்குப் போ" என்ற இடத்தில் கை தவறி "முடி" என்று எழுதினால், அதாவது கன்டினியூ இருக்க வேண்டிய இடத்தில் பிரேக் இருந்தால், (3, 1) வந்ததும் லூப் அறுந்துவிடும். (3, 2) பார்க்கப்படாமலே போகும். (5, 12, 13) காணாமல் போவது அதனால்தான். 100-க்குள் தப்பிப் பிழைப்பவை (2, 1), (4, 1), (6, 1) மூன்று மட்டும். 8 + 2 + 1 = 11.

ஒரு எச்சரிக்கை. "ஒன்றே ஒன்று" கேட்கும் புதிருக்கு 100-க்குள் சரியான விடையும் 11 தான். தற்செயலான ஒற்றுமை, ஆனால் எந்தக் கேள்விக்கு 11 வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

52 அல்லது 16 வந்தால்

நிரலில் பிழை இல்லை. கேள்வியை மாற்றிப் படித்திருக்கிறீர்கள். கர்ணம் 100-க்குள் என்றால் மொத்தம் 52 முக்கோணங்கள், அதில் அடிப்படை 16. சுற்றளவுக்கு எல்லையா, கர்ணத்துக்கா என்று புதிரை மீண்டும் பாருங்கள்.

100-க்குச் சரி, பெரிய எல்லைக்கு மட்டும் அதிகம்

17 வந்துவிட்டது என்று நம்பி, புதிரின் உண்மையான எல்லையைப் போட்டு ஓட்டினால் தப்பு. எனக்கு ஒரு முழு மாலை இதில் போயிருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 100 என்ற சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு.

ஒற்றை இரட்டை நிபந்தனையை வைத்து, மீப்பெரு பொது வகுத்தி நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். 100-க்கு 17 தான் வரும். ஏன்? ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை என்றால் இருவருக்கும் 2 பொது வகுத்தியாக இருக்க முடியாது. குறைந்தது 3 வேண்டும். அப்படிப்பட்ட முதல் ஜோடி (6, 3). அது தருவது (27, 36, 45), சுற்றளவு 108. எல்லை 100 என்றால் அது கண்ணில் படவே படாது.

ஆகவே இரண்டாம் சோதனை 120. சரியான விடை 22: 12-இன் மடங்குகள் 10, 30-இன் மடங்குகள் 4, 40-இன் மடங்குகள் 3, 56-இன் மடங்குகள் 2, பிறகு 70, 84, 90 மூன்றும் ஒவ்வொன்று. 23 வந்தால் மீப்பெரு பொது வகுத்தியைச் சரிபாருங்கள். நிபந்தனை இருந்தும் 23 வருகிறது என்றால், நீங்களே எழுதிய வகுத்திச் செயல்கூறு (ஃபங்ஷன்) 2-ஐ மட்டும் சோதிக்கிறதா என்று பாருங்கள். (6, 3) கொடுத்தால் 3 தர வேண்டும்.

"ஒன்றே ஒன்று" புதிரில் 14

14 என்ற எண் இரண்டு வெவ்வேறு பிழையிலிருந்து வரும், எல்லையை வைத்துப் பிரிக்கலாம்.

எல்லை 100-க்கு 14 வந்தால், எத்தனை தனித்தனிச் சுற்றளவு உண்டு என்று எண்ணியிருக்கிறீர்கள். 17 முக்கோணங்கள் 14 சுற்றளவுகளில் அமர்கின்றன. 60, 84, 90 மூன்றிலும் இரண்டிரண்டு உண்டு: 60-இல் (15, 20, 25), (10, 24, 26), 84-இல் (21, 28, 35), (12, 35, 37), 90-இல் (15, 36, 39), (9, 40, 41). அந்த மூன்றைக் கழித்தால்தான் 11. சுற்றளவுகளைச் செட்டில் போட்டால் இந்தத் தகவல் அழிந்துவிடும். ஓர் அர்ரேயில் ஒவ்வொரு சுற்றளவுக்கும் எண்ணிக்கை வைத்து, கடைசியில் 1 உள்ள இடங்களை மட்டும் எண்ணுங்கள்.

எல்லை 120-க்கு 14 வந்தால் வேறு கதை. சரியான விடை 13. நினைவகத்தை மிச்சம் பிடிக்க எண்ணிக்கைக்குப் பதில் ஆம், இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பீர்கள்: முதல் முக்கோணம் வந்தால் ஆம், இரண்டாவது வந்தால் இல்லை. மூன்றாவது வந்தால் மறுபடியும் ஆம் ஆகிவிடுகிறதே! சுற்றளவு 120-இல் (30, 40, 50), (20, 48, 52), (24, 45, 51) என்று மூன்று. 100-க்குள் எந்தச் சுற்றளவிலும் மூன்று இல்லை, அதனால் முதல் சோதனையில் இது பிடிபடாது. 0, 1, 2 என்று மூன்று நிலை வையுங்கள். 2-க்கு வந்தது அப்புறம் 2-இலேயே நிற்கட்டும்.

கடைசிச் சுற்றளவுக்கு வந்ததும் நிரல் அர்ரே எல்லை தாண்டியதாகச் சொல்லி நின்றால், அர்ரேயின் அளவு எல்லையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 120 என்ற இடமும் வேண்டும், 0 என்ற இடமும் இருக்கிறது.

எல்லையின் விளிம்பு

"வரை" என்பதும் "குறைவாக" என்பதும் ஒன்றல்ல. 100-இல் இது தெரியாது, ஏனென்றால் சுற்றளவு சரியாக 100 உள்ள முக்கோணம் கிடையாது. எல்லையை 12 என்று வைத்து ஓட்டுங்கள். 1 வர வேண்டும், 0 வந்தால் ஒப்பீட்டுக் குறியை மாற்றுங்கள். இன்னும் ஒரு உறுதி வேண்டுமென்றால் 90-ஐ வைத்துப் பாருங்கள்: சரியானது 16, விளிம்பை விட்டால் 14.

சிறியதற்கெல்லாம் சரி, பெரியதற்கு ஒன்றிரண்டு மட்டும் இடிக்கிறது

எண்களின் தர்க்கம் சரி, கணினி எண்களை வைத்திருக்கும் விதத்தில் கோளாறு. இரண்டு வகை.

முதல் வகை தசம எண்கள் (ஃப்ளோட்). இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அது முழு எண்ணா என்று பார்ப்பது பலரும் எழுதும் வழி. ஒற்றைத் துல்லியத் (32 பிட்) தசம எண்ணில் 1, 4,096 என்ற இரண்டு பக்கங்களைக் கொடுத்துப் பாருங்கள். 4,096-இன் வர்க்கம் 1,67,77,216. அதற்கு மேல் 1-ஐக் கூட்டினால் அந்த வகை எண்ணில் 1,67,77,217-ஐ வைக்க இடமில்லை. மறுபடியும் 1,67,77,216 ஆகிவிடும். வர்க்கமூலம் 4,096. உடனே (1, 4096, 4096) என்று இல்லாத ஒரு முக்கோணத்தை நிரல் எண்ணிவிடும். மனதில் வரைந்து பாருங்கள், கர்ணமும் பக்கமும் ஒரே நீளம்!

இரட்டைத் துல்லியத்தில் (64 பிட்) இது வெகு தூரம் தள்ளிப் போகும், ஆனால் ஒழியாது. 6,71,08,864 என்ற எண்ணின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டினால், கூட்டுத்தொகை பிசகாமல் நிற்கும். வர்க்கமூலம் எடுக்கும்போதுதான் தசமப் புள்ளிக்குப் பின் எட்டு பூஜ்யங்களைத் தாண்டி வரும் துணுக்கு உதிர்ந்து, 6,71,08,864 என்றே வரும். 15 லட்சம் எல்லை உள்ள புதிரில் இந்த உயரத்துக்குப் போக மாட்டீர்கள். எல்லை பல கோடி என்றால் போவீர்கள்.

மருந்து ஒன்றுதான்: முடிவை முழு எண்ணில் எடுங்கள். வர்க்கமூலத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, அதைத் திரும்ப வர்க்கப்படுத்தி, கூட்டுத்தொகையோடு சமமா என்று பாருங்கள். பைத்தானில் 2019-இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே கணிதத் தொகுதியில் ஒரு செயல்கூறு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதே நல்லது.

இரண்டாம் வகை, எண் வழிந்துபோவது. 32 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 2,14,74,83,647. 46,340-இன் வர்க்கம் அதற்குள் அடங்கும். 46,341-இன் வர்க்கம் அடங்காது. ஜாவாவில் அது சத்தமில்லாமல் சுற்றிவந்து −2,14,74,79,015 என்று நிற்கும். வர்க்கம் எதிர்மறை எண்ணாக அச்சாகியிருப்பதைக் கண்டால் வேறு எதையும் தேடாதீர்கள். 64 பிட் வகைக்கு மாறுங்கள். 18-க்கான பகுதியில் சொன்ன வகுத்தல் முறையிலும் சு × (சு − 2அ) இதே போல வழியும். பெருக்கலுக்கு முன்பே வகையை மாற்ற வேண்டும், பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை.

பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பில்லை, எனக்கு இது வராது என்று நம்பியிருப்போம். நம்பை (NumPy) என்ற பைத்தான் கணக்கீட்டு நூலகத்தின் அர்ரேக்குள் போன எண்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2024-இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்பு விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண் 32 பிட்தான். ஒரே நிரல் ஒரு கணினியில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் ஓடினால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

எண்ணிக்கை சரி, அச்சிட்ட பட்டியலில் ஒரு வரி வினோதமாக இருக்கிறது

கர்ணம் இருக்க வேண்டிய இடத்தில் அதன் வர்க்கம் அச்சாகியிருக்கும், அல்லது ஓர் இலக்கம் மாறியிருக்கும். ஒவ்வொரு வரியையும் அச்சிடும் முன் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதன் வர்க்கத்துக்குச் சமமா என்று நிரலையே சோதிக்க விடுங்கள்.

இந்தப் பிழைக்கு வயது அதிகம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள பிளிம்ப்டன் 322 என்ற பாபிலோனியக் களிமண் பலகை சுமார் 3,800 ஆண்டுகள் பழையது. அதில் 15 வரிகளில் செங்கோண முக்கோணங்களின் எண்கள் உண்டு. 13-ஆவது வரியில் 161 என்று இருக்க வேண்டிய இடத்தில் 25,921 என்று பதிந்திருக்கிறது. அது 161-இன் வர்க்கம். எழுதியவர் வர்க்கமூலம் எடுக்கும் படியைத் தாண்டிவிட்டார். முக்கோணம் (161, 240, 289), இன்றும் சரிபார்த்துக்கொள்ளலாம். 9-ஆவது வரியில் 481-க்குப் பதில் 541; 60-ஐ அடியாகக் கொண்ட அவர்களின் எண்முறையில் 8 என்ற இலக்கம் 9 ஆகிவிட்டது. அந்தப் பலகையைப் படித்த அறிஞர்கள் பிழைகளை இனம் கண்டதும் இப்படித்தான்: தப்பான எண் எந்தச் சரியான எண்ணிலிருந்து எப்படிப் பிறந்திருக்கும் என்று பின்னோக்கிப் போய்.

ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை

மூன்று லூப் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சுற்றளவும் தெரிந்தால் மூன்றாவது தானாகத் தெரிந்துவிடும். எல்லை 1,000 என்றால் வகுத்தல் முறையே தாராளம். சுற்றளவு எப்போதும் இரட்டை எண் என்பதால் ஒற்றைச் சுற்றளவுகளை விட்டுவிடலாம். மொத்தம் சுமார் 83,000 சோதனைகள்தான்.

15,00,000 என்றால் இரண்டு லூப்பும் போதாது. ஒரு பக்கம் 5 லட்சம் வரை, மற்றது 7.5 லட்சம் வரை என்று ஓடினால் 37,500 கோடி சோதனைகள். யூக்ளிட் வழியில் ம என்பது 865-ஐத் தாண்டத் தேவையில்லை, ஜோடிகள் 4 லட்சத்துக்குள் அடங்கிவிடும். இங்கே நிரலை மெருகேற்றுவதில் நேரம் போக்காதீர்கள், முறையை மாற்றுங்கள்.

மீப்பெரு பொது வகுத்தியே வேண்டாம் என்று, கணித அறிஞர் பெர்க்ரன் 1934-இல் காட்டிய மர முறையில் சிலர் எழுதுவார்கள். (2, 1)-இல் தொடங்கி, ஒவ்வொரு (ம, ந)-விலிருந்தும் (2ம − ந, ம), (2ம + ந, ம), (ம + 2ந, ந) என்று மூன்று கிளைகள். ஒவ்வோர் அடிப்படை முக்கோணமும் ஒரே முறை வரும். மிக நேர்த்தியான முறை, எனக்கு மிகவும் பிடித்தது. இதில் வரும் கோளாறு ஒன்றுதான்: செயல்கூறு தன்னைத்தானே அழைக்கும் ஆழம். (3, 2), (4, 3), (5, 4) என்று ஒரு கிளை நேராக இறங்கிக்கொண்டே போகும். 15 லட்சத்துக்கு 600 படிகளுக்குக் கொஞ்சம் மேல், பைத்தானின் இயல்பான வரம்பான 1,000-க்குள் அடங்கும். 1 கோடிக்கு 1,500 படிகளைத் தாண்டி, நிரல் பாதியில் நின்றுவிடும். வரம்பை உயர்த்துவதைவிட, பார்க்க வேண்டிய ஜோடிகளை நீங்களே ஒரு பட்டியலில் அடுக்கி ஒவ்வொன்றாக எடுத்துப் போவது பாதுகாப்பானது.

எல்லாம் திருத்திய பிறகு ஒப்பிட

12, 90, 100, 120 நான்கிலும் 1, 16, 17, 22 வந்துவிட்டால் பெரிய எல்லைக்குப் போங்கள். சுற்றளவு 1,000 வரை மொத்தம் 325, அதில் அடிப்படை 70. 10,000 வரை 4,858, அடிப்படை 703. 1,00,000 வரை 64,741, அடிப்படை 7,026. 10,00,000 வரை 8,08,950, அடிப்படை 70,229. அடிப்படை முக்கோணங்களின் எண்ணிக்கை எல்லையில் சுமார் 7.02 சதவீதத்தை ஒட்டியே போவதைக் கவனித்தீர்களா? 2-இன் இயல் மடக்கையை π (பை) என்ற எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அது, கணித அறிஞர் டி. என். லேமர் 1900-இல் நிறுவியது. விடை தெரியாத ஓர் எல்லைக்கு ஓட்டும்போது அடிப்படைகளை மட்டும் தனியாக எண்ணி, எல்லையை 0.0702-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். எல்லை லட்சக்கணக்கில் இருந்து, சில நூறு கணக்கில் வித்தியாசம் வந்தால், 120-க்கே திரும்பிப் போங்கள்.

அதிகபட்சம் கேட்கும் புதிருக்கு 1,000-க்குள் 840 வர வேண்டும், எட்டு முக்கோணங்கள்: (40, 399, 401), (56, 390, 394), (105, 360, 375), (120, 350, 370), (140, 336, 364), (168, 315, 357), (210, 280, 350), (240, 252, 348). உங்கள் நிரலில் 840-க்கு எட்டு வராமல் குறைந்தால், இந்தப் பட்டியலில் விடுபட்டது எது என்று பாருங்கள். அடிப்படையாக இருப்பது (40, 399, 401) ஒன்று மட்டும்தான். மற்ற ஏழும் மடங்குகள்.